ஈமான் (இறைநம்பிக்கை) எங்கிருந்து வருகிறது? அன்றாடத் தருணங்களில் ஹிதாயத்தை (அல்லாஹ் காட்டும் நேர்வழியை) அடையாளம் காண ஒரு முழுமையான வழிகாட்டி

"ஈமான் அல்லாஹ் தந்தது" என்று யாரிடம் சொன்னாலும் தலையாட்டுவார்கள். "சரி, நேற்று எந்த நேரத்தில் அது உங்களுக்குத் தெரிந்தது?" என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது. சிலர் எப்போதோ கண்ட கனவைச் சொல்வார்கள். சிலர் ரமளானில் அழுத ஓர் இரவைச் சொல்வார்கள். நேற்று மதியம் பொய் சொல்ல வாயெடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டதை யாரும் சொல்வதில்லை. தேட வேண்டிய இடமே அதுதான்.

அப்படிப்பட்ட தருணங்களைக் கவனித்து ஒரு நோட்டில் எழுதிவைக்கும் இந்தப் பயிற்சியைப் புதியவர்கள் பலரோடு சேர்ந்து செய்திருக்கிறேன். தடுக்கி விழுபவர்கள் பெரும்பாலும் வரிசையை மாற்றியதால்தான் விழுகிறார்கள். அதனால் படிகளைக் கீழே உள்ள வரிசையிலேயே செய்யுங்கள். முதல் சுற்றுக்கு ஒரு மாதம் போதும்.

தொடங்கும் முன் தேவைப்படுபவை

ஐவேளைத் தொழுகை முதல் தேவை. ஒரு நாளின் ஐந்து இடங்களில் நின்று பார்க்க ஒரு கட்டமைப்பு வேண்டும், அதைத் தொழுகை ஏற்கெனவே தந்திருக்கிறது. தொழுகை விட்டுவிட்டு நடக்கிறது என்றால் முதலில் அதைச் சீராக்குங்கள், நோட்டு காத்திருக்கும்.

அடுத்தது குர்ஆனின் முதல் அத்தியாயமான அல்ஃபாத்திஹா சூராவின் ஏழு வசனங்களின் பொருள், குறிப்பாக ஆறாவது வசனம். அரபி தெரியாவிட்டாலும், ஓதும்போது எந்த இடத்தில் என்ன கேட்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, சட்டைப்பையில் அடங்கும் ஒரு சின்ன நோட்டு. ஃபோனில் எழுதலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். எழுதலாம். ஆனால் எழுதத் திறந்தவர்களில் பாதிப் பேர் வேறு எதையோ பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

கடைசியாக, மார்க்கச் சட்டம் தெரிந்த, நீங்கள் தயங்காமல் கேட்கக்கூடிய ஓர் ஆலிம் (மார்க்க அறிஞர்). ஐந்தாம் படியில் அவர் தேவைப்படுவார்.

1. ஹிதாயத்தின் இரண்டு பொருள்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

குர்ஆனில் இரண்டு வசனங்களை அடுத்தடுத்து வைத்துப் படித்தால் முதலில் குழப்பம் வரும். 42:52-இல் (42-ஆவது சூரா, 52-ஆவது வசனம்) நபி (ஸல்) அவர்களிடம், நீர் நேரான பாதைக்கு வழிகாட்டுகிறீர் என்று சொல்லப்படுகிறது. 28:56-இல், நீர் நேசிப்பவரை உம்மால் நேர்வழியில் செலுத்த முடியாது, அல்லாஹ் தான் நாடியவரை நேர்வழியில் செலுத்துகிறான் என்று வருகிறது.

இரண்டிலும் வருவது ஒரே சொல், ஆனால் வேலை வேறு. ஒன்று, பாதை இதுதான் என்று எடுத்துச் சொல்வது. அதை நபிமார்கள் செய்தார்கள், ஆலிம்கள் செய்கிறார்கள், ஒரு நண்பரும் செய்யலாம். இன்னொன்று, அந்தப் பாதையில் காலெடுத்து வைக்க உள்ளத்தைத் திறந்துவிடுவது. இதை ஆலிம்கள் தவ்ஃபீக் என்பார்கள். அது அல்லாஹ்விடம் மட்டுமே இருக்கிறது. நபியவர்களை வளர்த்துப் பாதுகாத்த அபூதாலிப் தம் சகோதரர் மகன் சொன்ன செய்தியைக் கடைசி மூச்சு வரை கேட்டுக்கொண்டுதான் இருந்தார். முதலாவது அவருக்குக் குறைவில்லாமல் கிடைத்திருந்தது, ஆனாலும் அவர் ஏற்கவில்லை.

இந்தப் பிரிவு ஏன் முதல் படி? அன்றாட வாழ்க்கையில் நாம் அடையாளம் காணப்போவது இரண்டாவதைத்தான். தொழ வேண்டும் என்பது உங்களுக்கு நேற்றும் தெரியும், இன்றும் தெரியும். நேற்று எழவில்லை, இன்று எழுந்தீர்கள். அறிவு மாறவில்லை. அப்படியானால் மாறியது என்ன? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

2. கேட்பதிலிருந்து தொடங்குங்கள்

கவனிப்பதற்கு முன் கேட்க வேண்டும். கேட்காமல் கவனிக்கத் தொடங்கியவர்கள் ஒரு வாரத்தில் தங்கள் மன உறுதியைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருப்பார்கள்.

இதற்காகப் புதிதாக எந்த அமலும் (வணக்கச் செயலும்) தேவையில்லை. கடமையான தொழுகைகளில் ஒரு நாளைக்கு 17 ரக்அத்கள் (தொழுகையின் சுற்றுகள்). ஒவ்வொன்றிலும் ஃபாத்திஹா உண்டு. அதாவது குறைந்தது 17 தடவை "எங்களை நேரான வழியில் செலுத்துவாயாக" என்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம், பெரும்பாலும் கேட்கிறோம் என்ற நினைவே இல்லாமல். ஏற்கெனவே முஸ்லிமாக, தொழுகையில் நிற்பவர்தான் அதைக் கேட்கிறார் என்பதைக் கவனியுங்கள். ஒரு தடவை வாங்கிப் பெட்டியில் பூட்டி வைக்கும் பொருளாக இருந்தால், அதை லுஹரில் கேட்டுவிட்டு அஸரில் மறுபடி கேட்க வேண்டியதில்லை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ஆறாவது வசனத்துக்கு முன் ஒரு மூச்சு நிறுத்துங்கள். பிறகு ஓதுங்கள்.

இன்னொரு துஆவும் (பிரார்த்தனையும்) இங்கே உதவும். "அல்லாஹும்மஹ்தினீ வ சத்தித்னீ" (யா அல்லாஹ், எனக்கு வழிகாட்டுவாயாக, என்னைச் சீராக்குவாயாக) என்று கேட்கும்படி தோழர் அலீ (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் கற்றுக்கொடுத்ததை முஸ்லிம் என்ற ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் காணலாம். வழிகாட்டல் என்று சொல்லும்போது பாதையில் சரியாகச் செல்வதையும், சீர் என்று சொல்லும்போது அம்பின் நேர்மையையும் நினைத்துக்கொள்ளச் சொன்னார்கள். துஆ கேட்கும்போது மனதில் எதை நிறுத்துவது என்று திணறுபவர்களுக்கு இதைவிட எளிய பாடம் இல்லை. வழி தெரியாத ஊரில் திருப்பம் வரும்போதெல்லாம் ஒருவரிடம் கேட்டுக்கொண்டே போவோமே, கேட்கும் மனம் அப்படி இருக்கட்டும்.

3. எங்கே பார்ப்பது என்று முடிவு செய்யுங்கள்

நாள் முழுக்கக் கவனிக்க முயலாதீர்கள், மூன்றாம் நாளே சலிப்பு வந்துவிடும். மூன்று வகைத் தருணங்கள் போதும். மூன்றையும் ஒரே நாளில் பிடிக்க வேண்டும் என்பதும் இல்லை.

முதல் வகை, மனம் வராதபோது நடந்துவிட்ட நல்லது. ஃபஜ்ர் (அதிகாலைத் தொழுகை) பாங்கு கேட்கிறது. உடம்பு "இன்னும் ஐந்து நிமிடம்" என்கிறது. அப்புறம் எப்படியோ எழுந்து தொழுகைக்காகக் கைகால் முகம் கழுவி ஒளுச் செய்துகொண்டிருக்கிறீர்கள். கூடுதலாக வந்த சில்லறையைப் பையில் போட்டுக்கொண்டு பத்து அடி நடந்த பிறகு திரும்பிப் போய்க் கொடுக்கிறீர்கள். அந்த "எப்படியோ"தான் கவனிக்க வேண்டிய இடம்.

இரண்டாவது வகை, உறுத்தல். நவ்வாஸ் பின் ஸம்ஆன் (ரலி) அறிவிக்கும் முஸ்லிம் ஹதீஸில், உள்ளத்தை உறுத்துவதும் மக்கள் தெரிந்துகொள்வதை நீ வெறுப்பதும் பாவம் என்று வருகிறது. ஒருவரைப் பற்றிப் புறம் பேசிவிட்டுத் திரும்பும்போது வாயில் ஒரு கசப்பு தங்குகிறதே, அது எங்கிருந்து வந்தது? 49:7 விடை சொல்கிறது: அல்லாஹ் ஈமானை உங்களுக்கு விருப்பமாக்கி, உங்கள் உள்ளங்களில் அதை அழகாக்கினான், இறைமறுப்பையும் பாவத்தையும் மாறுசெய்வதையும் உங்களுக்கு வெறுப்பாக்கினான். அந்த வெறுப்பையும் அவனே வைத்தான் என்பதைப் புதியவர்கள் தவறவிடுகிறார்கள். உறுத்தலைத் தங்கள் ஈமான் கெட்டுப்போனதற்கான அடையாளமாகப் படித்துச் சோர்ந்துபோகிறார்கள். உறுத்தாமல் போவதுதான் பயப்பட வேண்டிய நிலை.

மூன்றாவது, இழப்பு வந்து விழும் முதல் நிமிடம். 64:11-இல், எந்தத் துன்பமும் அல்லாஹ்வின் அனுமதியின்றி நேர்வதில்லை, யார் அல்லாஹ்வை நம்புகிறாரோ அவருடைய உள்ளத்துக்கு அவன் வழிகாட்டுகிறான் என்று இருக்கிறது. துன்பத்தைப் பற்றிய வசனத்தின் நடுவே ஹிதாயத் வந்து உட்கார்ந்திருக்கிறது, பாருங்கள். கெட்ட செய்தி கேட்டதும் நாக்கு முதலில் எந்தப் பக்கம் போனது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். வலித்ததா, அழுதீர்களா என்பது இங்கே கேள்வியே இல்லை. நபி (ஸல்) அவர்கள் தம் மகன் இப்ராஹீம் இறந்தபோது அழுதார்கள்.

4. நடந்ததை முதலில் எழுதுங்கள், விளக்கத்தைப் பிறகு

இரவில், இஷாவுக்குப் பின், ஒரே ஒரு தருணத்தைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு வரி போதும். முதல் வரியில் நடந்தது. இரண்டாவது வரியில், அந்த நேரத்தில் மனம் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது, கடைசியில் என்ன செய்தீர்கள். "அல்லாஹ் எனக்கு ஒரு செய்தி அனுப்பினான்" போன்ற வாக்கியங்களை இந்தக் கட்டத்தில் எழுதவே கூடாது.

காரணம் எளிது. விளக்கத்தை முதலில் எழுதினால், அடுத்த நாளிலிருந்து அந்த விளக்கத்துக்குப் பொருந்தும் நிகழ்வுகள் மட்டுமே கண்ணில் படும்.

ஒரு மாதிரி: "கணக்கில் என் தவறை வேறொருவர் மேல் போட வாய்ப்பு இருந்தது. போடத்தான் நினைத்தேன். பேச ஆரம்பித்த பிறகு உண்மையைச் சொல்லிவிட்டேன்." அவ்வளவுதான். பெருமையும் இல்லை, அழுகையும் இல்லை.

ஓர் எச்சரிக்கை. பாவங்களை விவரித்து எழுதாதீர்கள். தான் இரவில் செய்ததை அல்லாஹ் மறைத்திருக்க, காலையில் தானே அதை வெளிப்படுத்துபவனைக் கண்டிக்கும் ஹதீஸ் புகாரி என்ற தொகுப்பில் உண்டு. நோட்டு யார் கையிலும் கிடைக்கலாம். ஒரு புள்ளி வையுங்கள், தவ்பா செய்யுங்கள் (மன்னிப்புக் கேட்டுத் திரும்புங்கள்), அடுத்த வரிக்குப் போங்கள்.

5. உரைகல்லில் உரசிப் பாருங்கள்

அதிகம் பேர் வழுக்குவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

எழுதிய பத்து நாளில் ஒரு மயக்கம் வரும். எல்லாமே குறிப்பாகத் தெரியும். வண்டி தாமதமானால் "போக வேண்டாம் என்கிறான்". ஒரே எண்ணை இரண்டு தடவை பார்த்தால் அதற்கும் ஓர் அர்த்தம். தேர்வுக்குப் படிக்காமல் உட்கார்ந்திருந்த ஓர் இளைஞர், "மனம் ஒட்டவில்லை, அதுவே ஓர் அறிகுறி" என்று எழுதி வந்தார். சோம்பலுக்கு ஹிதாயத் என்று பெயர் வைத்தால் அதைத் திருத்த யாராலும் முடியாது.

நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் இறந்த அதே நாளில் சூரிய கிரகணம் பிடித்தது. அந்த இறப்புக்காகத்தான் பிடித்தது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். ஆறுதலாக இருந்திருக்கும், மறுக்கவும் அவசியம் இல்லை என்று தோன்றியிருக்கலாம். நபியவர்கள் மறுத்தார்கள்: சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள், யாருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்றார்கள். அத்தாட்சி என்பதை மறுக்கவில்லை. அதைத் தம் வீட்டு நிகழ்வோடு முடிச்சுப் போடுவதைத்தான் மறுத்தார்கள். நம் வண்டித் தாமதம் அதைவிடப் பெரிய அடையாளமா என்ன?

ஆகவே எழுதிய ஒவ்வொன்றையும் இந்தக் கேள்விகளில் உரசுங்கள். நான் போன திசை குர்ஆனும் சுன்னாவும் (நபிவழியும்) தெளிவாகச் சொன்ன ஹலால், ஹராமுக்கு முரண்படுகிறதா? முரண்பட்டால் அது எவ்வளவு இனிமையாக இருந்தாலும் ஹிதாயத் அல்ல. அது என்னை ஒரு கடமைக்கு இழுத்ததா, கடமையிலிருந்து தப்ப ஒரு சாக்குத் தந்ததா? கடைசியாக நானாகச் சேர்த்துக்கொண்ட கேள்வி: இதன் சுமை யார் தலையில் விழுகிறது? "அல்லாஹ் காட்டினான்" என்று சொல்லி, சுமையை மனைவி மேலோ ஊழியர் மேலோ இறக்குகிறோம் என்றால், உடனே நிறுத்தி ஆலிமிடம் போவது நல்லது.

ஒரு முடிவெடுக்கும் முன் அல்லாஹ்விடம் நல்லதைக் கேட்கும் இஸ்திகாராவிலும் இதே குழப்பம் நடக்கிறது. இரண்டு ரக்அத் தொழுது துஆ கேட்டுவிட்டுக் கனவுக்காகப் படுத்துக் கிடப்பவர்களைப் பார்க்கிறோம். ஜாபிர் (ரலி) அறிவிக்கும் புகாரி ஹதீஸில் கனவு என்ற பேச்சே இல்லை. இந்தக் காரியம் என் மார்க்கத்துக்கும் வாழ்க்கைக்கும் நல்லதென்றால் அதை எனக்கு எளிதாக்கு, கெட்டதென்றால் அதை என்னைவிட்டும் என்னை அதைவிட்டும் திருப்பிவிடு என்றுதான் துஆ கேட்கிறது. விசாரிக்க வேண்டியதை விசாரித்து, தெரிந்தவர்களிடம் கலந்து பேசி, துஆ கேட்டுவிட்டுக் காரியத்தில் இறங்குங்கள். கதவு திறப்பதும் மூடுவதும் நடந்துபோகும்போதுதான் தெரியும்.

6. யாருடைய வேலை என்று பெயர் சொல்லி நன்றி கூறுங்கள்

உரசிப் பார்த்துத் தேறிய தருணத்துக்குப் பக்கத்தில் "அல்ஹம்துலில்லாஹ்" என்று எழுதுங்கள். பொதுவாகச் சொல்லாமல், எதற்காக என்று குறிப்பாகச் சொல்லுங்கள்: "உண்மையைச் சொல்ல வைத்ததற்கு."

இதை ஐந்தாம் படிக்கு முன்னால் செய்தால், தவறான ஒன்றுக்கும் அல்லாஹ்வின் பெயரைச் சூட்டிவிடும் ஆபத்து உண்டு. செய்யாமலே விட்டால் உஜ்ப் வரும், அதாவது தன் அமலைத் தானே ரசிக்கும் நோய். இரண்டு வாரம் ஃபஜ்ர் தவறாதவருக்கு, தூங்குபவர்களைப் பார்த்து ஓர் ஏளனம் மெல்ல எட்டிப் பார்க்கும். நான் இதிலிருந்து தப்பியவன் அல்ல. என் முதல் நோட்டின் பாதிப் பக்கங்களை இன்று படித்தால், எழுதியவன் மேல் எனக்கே எரிச்சல் வருகிறது.

இதற்கு மருந்து 49:17. இஸ்லாத்தை ஏற்றதை நபிக்குச் செய்த உபகாரம்போல் பேசிய கிராமப்புற அரபியர்களிடம், நீங்கள் ஏற்றதை எனக்குச் செய்த உபகாரமாகக் கருதாதீர்கள், ஈமானுக்கு உங்களை வழிநடத்தியதன் மூலம் அல்லாஹ்தான் உங்களுக்கு உபகாரம் செய்திருக்கிறான் என்று சொல்லச் சொல்கிறது அந்த வசனம். நபியவர்களே எப்படி நினைத்தார்கள் என்பது அகழ்ப் போரில் தெரிகிறது. ஹிஜ்ரி 5-ஆம் ஆண்டு, மதீனாவைக் காக்க அகழ் தோண்டியபோது, மண்ணைச் சுமந்துகொண்டே அவர்கள் ஓதிய அடிகள் புகாரியில் உள்ளன. அல்லாஹ் இல்லையென்றால் நாங்கள் நேர்வழி பெற்றிருக்க மாட்டோம், தர்மம் செய்திருக்க மாட்டோம், தொழுதிருக்கவும் மாட்டோம் என்பது பொருள். வயிற்றுப் பகுதியெல்லாம் புழுதி. கையில் வேலை, வாயில் அந்த வரிகள். மிம்பரில் (பள்ளிவாசலின் உரை மேடையில்) நிற்கும்போது மட்டும் வரும் நினைவாக அது அவர்களுக்கு இருக்கவில்லை.

7. அதன்மேல் சிறிதாக ஒன்றைக் கட்டுங்கள்

நேர்வழியில் செல்வோருக்கு அல்லாஹ் நேர்வழியை அதிகமாக்குகிறான் என்கிறது 47:17. அதனால் வாரக் கடைசியில் நோட்டைப் புரட்டி, எந்த வகைத் தருணம் திரும்பத் திரும்ப வருகிறது என்று பாருங்கள். நாக்கு விஷயத்தில் அடிக்கடி உறுத்தல் வருகிறதா? அப்படியானால் அடுத்த வாரம் நாக்கில் மட்டும் வேலை செய்யுங்கள், ஒரே ஒரு செயலோடு.

பட்டியல் போடாதீர்கள். ஒரே வாரத்தில் தஹஜ்ஜுத் (பின்னிரவுத் தொழுகை), திங்கள் வியாழன் நோன்பு, தினம் ஒரு ஜுஸ்உ (குர்ஆனின் முப்பதில் ஒரு பகுதி) என்று தொடங்கியவர்கள் மூன்றாவது வாரத்தில் ஃபர்ளையும் (கடமையையும்) விட்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். குறைவாக இருந்தாலும் தொடர்ந்து செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிகவும் பிரியமானது என்பது ஆயிஷா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ்.

8. வறண்ட நாட்களுக்குத் தயாராக இருங்கள்

நோட்டில் எழுத ஒன்றுமே இல்லாத நாட்கள் வரும். தொழுகை உடற்பயிற்சிபோல் இருக்கும். பலர் நோட்டை மூடுவது இந்த நாட்களில்தான்.

நபித்தோழர் ஹன்ழலா (ரலி) இதே நிலையில் "ஹன்ழலா நயவஞ்சகனாகிவிட்டான்" என்று பதறினார். நபியவர்களோடு இருக்கும்போது சொர்க்கமும் நரகமும் கண்முன் தெரிவதுபோல் இருக்கிறது, வீட்டுக்குப் போய் மனைவி, மக்கள், சொத்து என்று இறங்கியதும் நிறைய மறந்துவிடுகிறோம் என்றார். கேட்ட அபூபக்ர் (ரலி) அவர்களே "எங்களுக்கும் அப்படித்தான்" என்றார்கள். இருவரும் நபியவர்களிடம் போனபோது கிடைத்த பதில்: அதே நிலையில் எப்போதும் இருந்தால் வானவர்கள் உங்கள் படுக்கைகளிலும் பாதைகளிலும் வந்து உங்களோடு கைகுலுக்குவார்கள், ஆனால் ஹன்ழலாவே, அதற்கொரு நேரம், இதற்கொரு நேரம்.

அப்படிப்பட்ட நாளில், "இன்று ஒன்றும் உணரவில்லை, ஆனால் தொழுதேன்" என்று எழுதுங்கள். என் கணக்கில் நோட்டின் மிகப் பெறுமதியான வரிகள் அவைதான். உணர்வு துணைக்கு வராதபோதும் யாரோ உங்களை நிற்க வைத்திருக்கிறார்கள்.

ஈமானைப் பற்றிய மோசமான சந்தேகங்கள் தலையில் ஓடினால்? வாயால் சொல்லவும் அஞ்சும் எண்ணங்கள் வருவதாகத் தோழர்கள் முறையிட்டபோது, அப்படி அஞ்சுவதையே "அது தெளிவான ஈமான்" என்றார்கள் நபியவர்கள். வந்துபோகும் வஸ்வாஸை (மன ஊசலாட்டத்தை) நோட்டில் எழுதி வளர்க்க வேண்டாம். உண்மையான கேள்வி இருந்தால் அது வேறு, எழுதிக்கொண்டு ஆலிமிடம் கேளுங்கள். ஒளுவைத் திரும்பத் திரும்பச் செய்வது, தூக்கமே போவது என்ற அளவுக்கு முற்றினால் மருத்துவரையும் பாருங்கள். அதில் ஈமானுக்கு எந்தக் குறைவும் இல்லை.

9. அடுத்தவரின் நோட்டை நீங்கள் எழுதாதீர்கள்

இது சின்னப் படி. கணவருக்கோ, பிள்ளைக்கோ, நண்பருக்கோ ஹிதாயத் இருக்கிறதா என்று அளக்கும் ஆசை மாதக் கடைசியில் வரும். முதல் படியில் பார்த்த 28:56-க்குத் திரும்புங்கள். எடுத்துச் சொல்லலாம், துஆ கேட்கலாம். உள்ளத்தைத் திறக்கும் வேலை உங்களுடையது அல்ல.

மாதம் முடிந்ததும் நோட்டை முதல் பக்கத்திலிருந்து ஒரே மூச்சில் படியுங்கள். பிறகு 3:8-இல் உள்ள துஆவைக் கேளுங்கள்: எங்கள் இறைவா, எங்களுக்கு நேர்வழி காட்டிய பின் எங்கள் உள்ளங்களைக் கோணலாக்கிவிடாதே. நோட்டை வைத்துக்கொள்வதும் கிழித்துப் போடுவதும் உங்கள் விருப்பம். நான் கிழித்துவிடுவேன். அடுத்த மாதத்துக்கு வெற்றுத் தாளோடு உட்கார்வதுதான் எனக்கு ஒத்துவருகிறது.